மீன்கொத்தியின் மார்பை நான் வெளுத்த கதை

படத்தைத் திருத்துவது பற்றி, உங்கள் பறவைப் படக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் பனங்காடையின் இறக்கை பளபளக்கும், எதை இழுத்தால் தேன்சிட்டின் கழுத்து மின்னும் என்றெல்லாம் நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செல்போனைத் திறந்தால் அரை டிராயர் போட்ட பையன்கூடச் சொல்லித் தருகிறான். நான் எழுதப்போவது நான் எடுத்த ஒரே ஒரு படத்தைப் பற்றி. என் வாழ்க்கையில் அதிகம் பேர் பாராட்டிய படம் அதுதான். தேதியெல்லாம் போன பிறகும் அந்தக் காலண்டர் தாளை மட்டும் கிழித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற வீடுகள் ஆம்பூரில் இன்றும் இருக்கின்றன. அந்த வீடுகளில் நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்தவன். தறியில் உட்காரப் பிடிக்காமல் வேலூருக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் போட்டோகிராபர் வேலை கிடைத்தது. "தோலுக்கு எதுக்குடா போட்டோ? மாடு வந்து பல்ல காட்டப் போவுதா?" என்று அப்பா சிரித்தார். வெளிநாட்டில் உட்கார்ந்து சரக்கு வாங்குகிற பையர், எங்கள் கேட்லாக்கில் நிறத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

சேர்ந்த புதிதில் ஒரு செர்ரிச் சிவப்புத் தோலை டியூப்லைட் வெளிச்சத்தில் படமெடுத்துக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது அது காய்ந்த ரத்தம்போல இருந்தது. பையர் ஆர்டரை நிறுத்திவிட்டான். மேனேஜர் என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். கலர் செக்‌ஷனில் ஒரு மாஸ்டர் இருந்தார். பெயர் சொல்ல வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. கத்தல் ஓய்ந்ததும் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னாப்பா, கண்ண நம்பி எடுத்தியா?"

"ஆமா மாஸ்டர். கண்ணுக்கு செவப்பாத்தான் தெரிஞ்சுது."

"கண்ணு ஒரு பேஜார் புடிச்ச ஜந்து. காலைல ஒன்னு சொல்லும், சாயந்தரம் ஒன்னு சொல்லும். பக்கத்துல ஒரு வெள்ளை அட்ட வெச்சி எடு. அட்ட வெள்ளையா வந்தா செவப்பும் செவப்பா வரும். அட்ட மஞ்சளா வந்தா உன் செவப்பும் பொய்."

அதன் பிறகு பத்து வருஷம் அந்த அட்டைதான் எனக்குச் சாமி. கம்ப்யூட்டரும் டிஜிட்டல் கேமராவும் வந்தபோது வேலை இன்னும் சுலபமானது. திரையில் அந்த அட்டையின் மேல் அம்புக்குறியை வைத்து ஒரு சொடுக்கு. 'இதுதான் வெள்ளை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். படத்தில் ஏறியிருந்த மஞ்சளோ பழுப்போ மொத்தமாக இறங்கிவிடும். எல்லா நிறமும் அந்த வெள்ளைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். பிறகு அட்டையை வெட்டி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொள்வோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கை முதலில் வெள்ளையைத்தான் தேடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பறவைகள் பின்னால் அலைந்தேன். ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறி மலையடிவாரத்தில் இறங்கினால், கடலைக் காட்டின் ஓரத்து மின்கம்பிகளில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். மாமரத்தில் மாங்குயில். வாரம் பூராவும் செத்த தோலின் நிறத்தைப் பார்க்கிறவனுக்கு, ஒரு நிறம் தானே எழுந்து பறப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. எனக்கு அந்த ஒரு நாள்தான் உயிர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் மேனேஜர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டார். உடனே ஒரு யோசனை. "பன்னண்டு மாசம், பன்னண்டு பறவை. ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல அதே கலர்ல நம்ம தோலு. மாங்குயில் பக்கத்துல மஞ்சள், பனங்காடை பக்கத்துல நீலம். பையர் அசந்துடுவான்!" நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. என் படம் காலண்டரில் வருகிறது என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒரு படம் நம்ம ஏரில எடுத்ததா இருக்கணும். இப்பல்லாம் பையருங்க தண்ணி இன்னா ஆவுதுன்னு கேள்வி கேக்கறாங்க. ஏரில பறவ இருக்குதுன்னு தெரியட்டும்."

'நம்ம ஏரி' என்று அவர் சொன்னது கம்பெனிக்குப் பின்னால் ஒரு மைல் தள்ளி இருந்த ஏரி. கம்பெனியிலிருந்து ஒரு வாய்க்கால் அங்கே போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்த தண்ணீர்தான் போகிறது என்பார்கள். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி, பள்ளிக்கு ஒரு கைப்பம்பு. அந்தப் பம்பில் தண்ணீர் டீ டிகாஷன்போல வருவதாக அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஒரு காலை வேளையில் போனேன். எங்கள் பகுதி ஆட்களுக்கு மூக்கு செத்து ரொம்ப நாளாகிறது. வெளியூர்க்காரன் பஸ்ஸில் வாணியம்பாடி தாண்டும்போதே கர்ச்சீப்பை எடுப்பான், நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிப்போம். அதனால் ஏரியில் எனக்கு ஒன்றும் நாறவில்லை. மதகின் பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. வெண்மார்பு மீன்கொத்தி உங்களுக்குத் தெரியும்: சிவந்த அலகு, சாக்லேட் தலை, கண்ணைப் பறிக்கிற நீல முதுகு, மார்பில் வெள்ளை பனியன் போட்டதுபோல ஒரு வெளுப்பு. பின்னால் மதகுச் சுவர், அதற்குக் கீழே தண்ணீர். முப்பது அடி தூரம், அசையவே இல்லை. நாற்பது படம் எடுத்திருப்பேன்.

திரையில் போட்டுப் பார்த்தபோது படம் பழுப்பு தட்டியிருந்தது. தண்ணீர் பழுப்பு. பறவையின் மார்பும் டீயில் நனைத்த பன்போல இருந்தது. காலை வெயிலின் மஞ்சள் என்று நினைத்தேன். என் கை அதுவாகவே வெள்ளையைத் தேடியது. ஏரியில் நான் அட்டை வைக்கவில்லை. ஆனால் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே, வெண்மார்பு என்று? அம்புக்குறியைக் கொண்டுபோய் அந்த மார்பின்மேல் வைத்து ஒரு சொடுக்கு.

அப்பா! மார்பு பால்போல வெளுத்தது. முதுகின் நீலம் துள்ளிக்கொண்டு வந்தது. அதோடு தண்ணீரும் மாறியது. பழுப்பெல்லாம் இறங்கி, கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிந்த பச்சைநீலம். ஒரே ஒரு சொடுக்கில் பறவையையும் ஏரியையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

காலண்டர் அச்சாகி வந்தது. மே மாதத்துக்கு அந்த மீன்கொத்தி. கம்பெனியே கையில் வைத்துப் பார்த்தது. மாஸ்டர் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மதகு செவுத்துல நீலம் ஏறியிருக்கேப்பா?"

"நெழல் மாஸ்டர். நெழல் விழுந்தா நீலமாத்தான் தெரியும்."

"நெழலா? சரி... வெள்ளைய எதுல புடிச்ச?"

"பறவ மார்புல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உசுரோட இருக்கறது அட்ட இல்லப்பா" என்றார். வயசான ஆளு, கம்ப்யூட்டர் தெரியாது, பொறாமை என்று நான் நினைத்துக்கொண்டேன். நிழல் என்று அப்போது நான் சொன்னது பொய் இல்லை, முட்டாள்தனம்தான்.

அந்தக் கோடைக்கு முன் கம்பெனி சார்பில் ஏரிக்கரைப் பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். 'எங்கள் ஊர்ப் பறவை' என்று தலைப்பு. பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் பெட்டியும் வெள்ளைத் தாளும் கம்பெனியே கொடுத்தது. நான்தான் நடுவர். பறவை நிபுணர் என்று என்னை மேடையில் சொன்னார்கள். கூச்சப்படாமல் ஏற்றுக்கொண்டேன்.

பாதிக்கு மேல் பிள்ளைகள் மீன்கொத்தியைத்தான் வரைந்திருந்தன. எல்லாப் படத்திலும் மார்பு பழுப்பு. யோசித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை மார்பு வரையக் கலரே வேண்டாம், சும்மா விட்டால் போதும். இந்தப் பிள்ளைகள் வேலை மெனக்கெட்டுப் பழுப்புப் பென்சிலால் மார்பைத் தேய்த்திருந்தன. ரேவதி என்று ஐந்தாம் வகுப்புப் பெண் வரைந்தது அதில் ஒன்று. அலகின் கோணம், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்காரும் விதம், எல்லாம் அச்சு அசல். முதல் பரிசு அதற்குத்தான் போயிருக்க வேண்டும். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, 'நிறம் தவறு. மார்பு வெள்ளை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "நல்லா வரைஞ்சிருக்கம்மா. ஆனா கலர் தப்பு."

"அது அப்டிதான் சார் இருக்கும்."

பையிலிருந்து காலண்டரை எடுத்து மே மாதத்தைப் பிரித்துக் காட்டினேன். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "இது எந்த ஊர்து சார்?"

"உங்க ஊர்துதாம்மா. உங்க ஏரி, உங்க மதகு!"

கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியை எஸ்தர் டீச்சரும் சிரிக்கவில்லை. பாகாயத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர், குரல் உயர்த்தியே பேசாத பெண். "அவ பாத்ததத்தான் வரைஞ்சிருக்கா சார். நீங்க ஒரு தடவ கரைக்கு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். நேரமில்லை என்று கிளம்பிவிட்டேன்.

ஆனால் அந்தப் பெண் கேட்டது காதிலேயே நின்றது. மறுநாள் ஆபீசில் பழைய சி.டி.யைத் தேடி எடுத்து, கை வைக்காத மூலப் படத்தைத் திறந்தேன். இந்த முறை நான் பறவையைப் பார்க்கவில்லை. மதகுச் சுவரைப் பார்த்தேன். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர். மூலப் படத்தில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது. வெயிலின் மஞ்சள் படத்தில் ஏறியிருந்தால் சுவரிலும் ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. அப்படியானால் வெயில் சரி, கேமராவும் சரி. பழுப்பு என்பது தண்ணீரில் இருந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்து விழுந்து மீன் பிடித்த பறவையின் மார்பில் இருந்தது. நான் வைக்க மறந்த வெள்ளை அட்டையை அந்த ஊர்க்காரர்கள் சுண்ணாம்பு அடித்து எனக்காக வைத்திருந்தார்கள். அதைத்தான் நான் நீலமாக்கியிருக்கிறேன்.

சி.டி.யை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. காலண்டர் வெளியே போய்விட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதுவரை நடந்தது தொழிலில் வருகிற தப்பு. உங்களுக்கும் வரும். இதற்குமேல் நடந்ததுக்கு அந்தப் பெயர் கிடையாது.

சில மாதங்கள் கழித்து, ஏரிக்கு வரும் வாய்க்காலை அடைக்க வேண்டும், பள்ளிப் பம்பின் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். பம்புத் தண்ணீரில் கை கால் கழுவிய பிள்ளைகளுக்குச் சொறி வந்து, ரேவதியின் முழங்கையில் புண்ணே ஆகிவிட்டிருந்தது. தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். கம்பெனி தரப்பில் ஆதாரமாகக் கொண்டுபோன காகிதக் கட்டின் மேலே இருந்தது என் மீன்கொத்தி. பெரிதாக்கி, சட்டம் போட்டு.

ஜீப்பில் போகும்போது மேனேஜர் சொன்னார்: "உன்ன ஒன்னும் பொய் சொல்லச் சொல்லல. அந்த ஏரில எடுத்ததுதானேன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லு. அதுக்குமேல வளக்காத." அப்போது என் மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதை ஒரு சாக்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

விசாரணை அதிகாரி படத்தை மேஜைமேல் நிறுத்திவைத்துப் பார்த்தார். "பிரமாதமா இருக்கு. இது அந்த ஏரில எடுத்ததா?"

"ஆமா சார்."

"தண்ணி நல்லாத்தானம்மா இருக்கு?" என்று டீச்சர் பக்கம் திரும்பினார். "அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு மனு எழுதிக் குடுக்கறீங்களே, உங்களுக்குப் பிரச்சன வராதா?"

டீச்சர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தார். மார்பைக் காட்டவில்லை, தண்ணீரைக் காட்டவில்லை. நேராக விரலைக் கொண்டுபோய் மதகின்மேல் வைத்தார்.

"சார், இந்த மதகுக்கு நாங்கதான் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். நீலம் யாரும் அடிக்கல. இதுல ஏன் நீலமா இருக்கு?"

அதிகாரி என்னைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. டீச்சர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இவன் படம் தெரிந்தவன், இவனுக்குப் புரியும், இவன் சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கைதான் இருந்தது. எனக்கு இன்றும் மனம் ஆறாதது அந்த நம்பிக்கையை நினைத்துத்தான். சந்தேகப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நெழல் சார்," என்றேன். "நெழல் விழுந்தா வெள்ளை நீலமாத் தெரியும். போட்டோவுல சகஜம்."

அதே வார்த்தை. மாஸ்டரிடம் சொன்னபோது தெரியாமல் சொன்னேன். இங்கே தெரிந்தே சொன்னேன். பாதி உண்மை இருக்கிற பொய், அதுவும் தொழில் தெரிந்தவன் வாயிலிருந்து வருகிற பொய், எவ்வளவு வசதியாக உட்கார்ந்துகொள்கிறது! அதிகாரி தலையாட்டினார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

டீச்சர் விடவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். பிள்ளைகள் வரைந்த படங்கள். "இவங்க தினமும் பாக்கற பறவ சார். எல்லாரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணுவாங்களா?"

அதிகாரி அலுப்போடு புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல உரக்கப் படித்தார்: "'நிறம் தவறு. மார்பு வெள்ளை.' கீழ கையெழுத்து இருக்கே. இது யாரோடது?"

"என்னுதுதான் சார்."

"பாத்தீங்களாம்மா? நிபுணரே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அதையே ஆதாரம்னு கொண்டாந்திருக்கீங்க!" என்று சிரித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் திருப்பித் தந்தார். டீச்சர் ஒவ்வொன்றாக ஓரம் மடங்காமல் பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை. புகாருக்கு முகாந்திரம் இல்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். வாய்க்கால் அப்படியே ஓடியது, பம்புத் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. எனக்கு அந்த வருஷம் கம்பெனியின் சிறந்த ஊழியர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் என்ன பறவையை அச்சடித்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நீங்கள் கேட்பீர்கள், நீ உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் வாய்க்காலை அடைத்திருப்பார்களா என்று. அடைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது அவர்கள் கணக்கு. என்னிடம் கேட்ட கேள்வி மதகு ஏன் நீலமாக இருக்கிறது என்பது மட்டும்தான். அதற்குப் பதில் அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற வாரம் டிராயரைக் காலி செய்தபோது அந்தச் சி.டி. கையில் வந்தது. மூலப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். முதல் தடவையாக எனக்கே நாறியது. எஸ்தர் டீச்சர் அப்போது தலைமை ஆசிரியை. தலை நரைத்திருந்தது. வகுப்பில் பிள்ளைகள் குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பெரிய குடிதண்ணீர் கேன் இருந்தது.

"டீச்சர், அன்னிக்கு நெழல்னு நான் சொன்னது பொய்."

"தெரியும் சார். சுண்ணாம்பு அடிச்சவங்க நாங்கதானே."

படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர், பழுப்பு மார்பு, வெள்ளை மதகு. "ரேவதி இத பாத்திருக்கணும்" என்றார்.

"எங்க இருக்கா?"

"நெலத்துல ஒன்னும் வெளையல. அவங்க அப்பா குடும்பத்தோட பெங்களூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்ட்டாரு. படிப்பு அஞ்சாவதோட சரி." படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இத வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது சார்? கேட்டப்ப குடுத்திருக்கணும்."

திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் பிள்ளைகளின் பக்கம் கை காட்டினார்.

"இப்பல்லாம் யாரும் கலர் தப்பா வரையறதில்ல சார். ஏரிக்கு மீன்கொத்தி வர்றதே இல்ல. செவுத்துல தொங்கறதப் பாத்துதான் வரையறாங்க."

சுவரில் என் மே மாதம் தொங்கியது. எப்போதோ கம்பெனி கொடுத்த காலண்டர். முன் வரிசையில் ஒரு பையன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், கரெக்டா இருக்குதா?" மார்பில் ஒரு கோடுகூட இல்லை, சுத்தமான வெள்ளை. தண்ணீர் பச்சைநீலம். பின்னால் இருந்த மதகை, பென்சில் முனை மழுங்க மழுங்க, நீலத்தில் அழுத்தித் தேய்த்திருந்தான்.

அந்த வகுப்பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேர் எதிரே மதகு தெரியும். அந்தப் பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"மதகு இன்னா கலர்ல இருக்குன்னு ஜன்னல்ல போய் பாத்துட்டு வாப்பா" என்றேன்.

ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து தன் நோட்டைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். இந்த சாருக்குப் புரியவில்லையே என்று என்மேல் இரக்கப்படுகிறவன்போலச் சொன்னான்:

"காலண்டர்ல நீலம்தான் சார் இருக்குது."